ஹட்டன் அக்கா வீட்டுக்கு வந்த டிஜிட்டல் டாலர்

கோத்தகிரியில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் அடிக்கடி கிரிப்டோ பற்றிக் கேட்டுவிடுகிறார். எனக்கு அதில் இருக்கும் பட்டறிவெல்லாம் ஒரே வழியாக வந்ததுதான். 2022-இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது பெரியப்பா மகள், அதாவது என் அக்கா, ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் குடும்பத்தோடு இருந்தார். அவர் மகனுக்கு வருமானம் டிஜிட்டல் டாலரில் வந்துகொண்டிருந்தது. அந்தக் காலம் முழுக்க ராத்திரியில் அவனோடு போனில் பேசிப் பேசி நான் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். முதலீட்டு ஆலோசனை இதில் கிடையாது. விலை ஏறுமா, இறங்குமா என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள்.

நீலகிரியில் இப்படி அந்தப் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் நிறைய. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தோட்டத்து ஜனங்களைப் பங்கு பிரித்தார்கள். அப்பா இந்தியப் பாஸ்போர்ட்டோடு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இங்கே அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். பெரியப்பா அங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம், கருமாதி என்றால் இரண்டு பக்கமும் பேசிக்கொள்வோம். காசு விஷயம் மட்டும் யாரும் எடுத்ததில்லை. 2022-இல் அதுவும் பேச வேண்டி வந்தது.

அங்கே என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒருவன் ஏன் இந்தப் பக்கம் போனான் என்பது விளங்காது. 2021 செப்டம்பரிலிருந்து இலங்கை மத்திய வங்கி, டாலர் 203 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று பிடித்து வைத்திருந்தது. வெளியில் உண்டியல்காரர்கள், அதாவது வங்கிக்கு வெளியே பணம் மாற்றித் தருபவர்கள், 240-க்கும் மேலே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மகன் வெளிநாட்டு யூடியூப்காரர்களுக்கு வீடியோ எடிட் செய்து கொடுப்பவன். வங்கி வழியாகப் பணம் வந்தால் 203 கணக்கில்தான் கைக்கு வரும். வாடிக்கையாளர் ஒருவர் "யூஎஸ்டிடியில் தரட்டுமா?" என்று கேட்டார், இவனும் சரி என்றான். நான் சொன்ன டிஜிட்டல் டாலர் அதுதான். அரசு மேல் கோபம், தொழில்நுட்பத்தின் மேல் மோகம், அதெல்லாம் ஒன்றும் கிடையாது. டாலருக்கு அந்த முப்பத்தேழு ரூபாய் வித்தியாசம்தான் காரணம்.

2022 மார்ச் 7-இல் மத்திய வங்கி பிடியை விட்டது. மே மாதத்துக்குள் டாலர் 360-ஐத் தொட்டது. நடுவில் ஏப்ரல் 12-இல், வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. தோட்டத்தில் அக்காவின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். அந்த ஆயிரத்தைப் பல வருடம் போராடி 2021-இல்தான் வாங்கியிருந்தார்கள். வாங்கிய அன்றைக்கு அது ஐந்து டாலர், மறு வருடம் மூன்று டாலர்கூட இல்லை. செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம்.

"மாமா, அம்மா மாசம் முழுக்கக் கொழுந்து பறிச்சுக் கொண்டுவர்ற சல்லியும், நான் ஒரு வீடியோவுக்கு வாங்குற சல்லியும் ஒண்ணாப் போச்சு. வீட்ல இதைச் சொல்லவே கூசுது" என்றான் ஒரு நாள்.

யூஎஸ்டிடி தெரியாதவர்களுக்கு: டெதர் என்ற தனியார் நிறுவனம் வெளியிடும் டோக்கன், அதாவது டிஜிட்டல் காயின் அது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் மதிப்புக்கு ஈடு வைத்திருப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. பிட்காயின் போல விலை குதிக்கக் கூடாது என்பதற்காகவே வந்தது. அதாவது, தன் நாட்டு அரசை நம்ப முடியாமல் வெளியே போனவர், முகம் தெரியாத ஒரு கம்பெனியை நம்பி நிற்கிறார். தேவைப்பட்டால் ஒரு முகவரியிலுள்ள (கணக்கு எண் மாதிரி) காயினை முடக்கும் வசதி அந்தக் கம்பெனியின் கையில் இருக்கிறது. முடக்கியும் இருக்கிறார்கள். "யாரும் தொட முடியாத பணம்" என்று யாராவது சொன்னால், எந்தக் காயினைப் பற்றிச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

இந்த விஷயத்தில் பலரும் காசு எப்படி உள்ளே வருகிறது என்றுதான் பார்க்கிறார்கள். நான் அவனிடம் ஆரம்பத்திலிருந்தே கேட்டது, அது எப்படி வெளியே வருகிறது என்று. பேக்கரியில் யூஎஸ்டிடி கொடுத்துப் பாண் வாங்க முடியாது. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) பக்கத்துக் கடையில் பருப்பும் வாங்க முடியாது. எங்கேயோ ஓரிடத்தில் அது நோட்டாகவோ வங்கிக் கணக்கில் ரூபாயாகவோ மாறியாக வேண்டும். அந்த இடத்தில் நிற்கும் ஆள் யார், அவர் நாளைக்கும் அங்கே இருப்பாரா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அவனுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஹட்டன் டவுனில் ஒரு போன் கடைக்காரர். அவர் வாலட்டுக்கு (காயினை வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் பர்ஸ்) அனுப்பினால் நோட்டாக எண்ணித் தருவார். அவருக்குச் சரக்கு இறக்க டாலர் வேண்டும், வங்கியில் டாலர் கிடையாது. அதனால் வாங்கினார். விலை அவர் சொன்னதுதான். இன்னொன்று, காயின் வாங்கி விற்கும் செயலிக்குள்ளேயே ஆளுக்கு ஆள் நேரடியாக விற்றுக்கொள்ளும் பி2பி. வாங்குபவர் நம் வங்கிக் கணக்கில் ரூபாய் போடுவார். அதைப் பார்த்துவிட்டு நாம் காயினை விடுவிக்க வேண்டும். அதுவரை செயலி அதைப் பிடித்து வைத்திருக்கும். பிளாக்செயின், பரவலாக்கம் என்று எவ்வளவு பேசினாலும் கடைசியில் இது கையில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கிற உண்டியல் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சட்டப்படி இரண்டுங்கெட்டான் நிலை. கிரிப்டோ சட்டப்பூர்வமான பணம் அல்ல, இதை நடத்த யாருக்கும் உரிமம் தரவில்லை என்று இலங்கை மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது. வெளிநாட்டு வருமானத்தை வங்கி வழியாகக் கொண்டுவர வேண்டும் என்ற விதியும் இருந்தது. அதனால் நான் அவனிடம் கேட்டேன்: "ஏமாந்துட்டா போலீஸ் ஸ்டேஷன்ல என்னன்னு எழுதிக் கொடுப்பே?" பதில் இல்லை. எழுதிக் கொடுக்க முடியாத பணத்தை ஒரே கையில் மொத்தமாகக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். ஒரு தடவைக்கு ஒரு வாரச் செலவுக்கு மேல் மாற்றுவதில்லை. கடைக்காரரிடமும் முதலில் நோட்டை எண்ணி வாங்கிக்கொண்டு அப்புறம்தான் அனுப்புவது. அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் காயின் அவருக்கும் வேண்டியிருந்தது.

மார்ச் கடைசியில் அங்கே ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் அவன் பி2பியில் கொஞ்சம் விற்கப் போட்டிருந்தான். ஆர்டர் வந்தது. வாங்குபவருக்கு 15 நிமிடம் கெடு. அதற்குள் "பணம் அனுப்பியாச்சு" என்று அவர் பட்டனை அழுத்திவிட்டார். அழுத்திய கையோடு, பேட்டரி தீர்ந்து தோட்டத்து டவர் படுத்துவிட்டது. லயம் முழுக்க இருட்டு. இவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஓடியிருக்கிறான், அங்கே வேறொரு டவரின் சிக்னல் லேசாக எட்டும். மேலே போனதும் பொலபொலவென்று மெசேஜ். கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்று ஒரு எஸ்எம்எஸ்ஸும் அதில் இருந்தது. அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, எஸ்எம்எஸ் வந்திருக்கு. பேங்க் ஆப்ல பேலன்ஸ் ஏறல. அவன் 'சீக்கிரம் விடு, சீக்கிரம் விடு'ன்னு மெசேஜ் மேல மெசேஜ் போடுறான்."

"எஸ்எம்எஸ் எந்தப் பேர்ல வந்திருக்கு, பாரு."

பார்த்தான். வங்கியின் பெயர் இல்லை. யாரோ ஒருவருடைய சாதாரண செல் நம்பர். வழக்கமாக வரவு மெசேஜ் வரும் அதே வார்த்தைகள், தொகையும் சரியாக இருந்தது, அனுப்பியது மட்டும் வங்கி இல்லை.

"விடாதே. ஆப்ல தகராறுன்னு போடு."

அந்த மேட்டிலேயே குளிரில் நின்று, வங்கிக் கணக்கின் அன்றைய பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்றினான். மறுநாள் செயலிக்காரர்கள் அவன் பக்கம் தீர்த்துவிட்டார்கள், காயின் திரும்பியது. அதற்கப்புறம் அவன் வைத்துக்கொண்ட ஒழுங்கு இன்றைக்கும் மாறவில்லை. எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து எதையும் விடுவதில்லை, வங்கிச் செயலிக்குள் போய்ப் பார்த்த பிறகுதான். செயலியில் உள்ள பெயரும் பணம் வந்த கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுவான். பகல் நேரத்தில்தான் வியாபாரம். அவசரப்படுத்துகிறவரிடம் வியாபாரமே இல்லை.

ஏப்ரல் 3-ஆம் தேதி அரசு வாட்ஸ்அப், ஃபேஸ்புக், யூடியூப் எல்லாவற்றையும் முடக்கியது. ஒரு நாள்கூட அது நீடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு இவனுக்கு வேலை கொடுப்பவரோடும் பேச முடியவில்லை, போன் கடைக்காரரோடும் பேச முடியவில்லை. என்னை மட்டும் சாதாரண ஐஎஸ்டி காலில் பிடித்தான். டிஜிட்டல் பணம் என்பது கரண்ட், டவர், செயலி, பேசிக்கொள்ள ஒரு வழி எல்லாம் சேர்ந்தால்தான் பணம். குழப்பமான நாட்டில் முதலில் போவது இவைதான்.

நம் ஊரிலும் இது தெரியாத விஷயமில்லை. காற்று மழையில் ஒரு சில்வர் ஓக் மரம் லைன் மேல் சாய்ந்தால் போதும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தபோது அந்தப் பக்கத்து ஊர்களில் ரோடும் போச்சு, கரண்டும் போச்சு. அந்த நேரத்தில் ஜிபேயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மலையில் இருக்கிறவர் எந்த நாட்டில் இருந்தாலும் வீட்டில் கொஞ்சம் நோட்டு வைத்திருக்க வேண்டும்.

அந்த நெருக்கடியில் இலங்கையின் சாதாரண ஜனம் ஒட்டுமொத்தமாகப் பழகிக்கொண்ட டிஜிட்டல் விஷயம் எது என்று கேட்டால், நான் கிரிப்டோவைச் சொல்ல மாட்டேன். 2022 ஜூலையில் வந்த எரிபொருள் பாஸைத்தான் சொல்வேன். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கியூஆர், அதற்கு வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளவு. கியூஆரை பிரிண்ட் எடுத்து லேமினேட் போட்டு ஆட்டோவில் தொங்கவிட்டுக்கொண்டார்கள். ஸ்கேன் செய்கிற போன் பெட்ரோல் ஷெட்காரரிடம் இருந்தால் போதும், ஆட்டோக்காரருக்கு டேட்டாவும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம். லேமினேஷன் கடைக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் தனி சந்தோஷம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மே மாதம் வேறொரு பயம் வந்தது. டெர்ரா என்ற கிரிப்டோவும் அதோடு சேர்ந்த "நிலையான" காயினும் சில நாட்களில் ஒன்றுமில்லாமல் போயின. அந்தக் கலவரத்தில் 12-ஆம் தேதி யூஎஸ்டிடியும் சற்று நேரம் 95 சென்ட் வரை இறங்கியது. இலங்கையில் பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகி மூன்று நாள்தான் ஆகியிருந்தது, நாட்டில் ஊரடங்கு. ஒரு பக்கம் ரூபாய் சரிகிறது, அதிலிருந்து தப்பிக்க வைத்திருந்த டாலரும் ஆடுகிறது. பையன் தூங்கவில்லை. யூஎஸ்டிடி மறுபடி நிமிர்ந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் அவன் அதைச் சேமிப்பாக நினைப்பதை விட்டுவிட்டான். வந்த வாரத்திலேயே தேவைக்கு எடுத்துவிடுவது, மீதியில் கொஞ்சம் வங்கியில் போடுவது என்று மாறினான்.

வங்கியில் போட்டது பிற்பாடு நன்றாகவே பலன் கொடுத்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியிருந்தது. அந்த வருடக் கடைசியில் நிலையான வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. 2023 மார்ச்சில் ஐஎம்எஃப் கடன் உறுதியானது. டாலர் 360-க்கு மேலிருந்து ஜூன் வாக்கில் 300-க்கும் கீழே வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்தைய டிசம்பரில் பயந்துபோய் 365 ரூபாய் கொடுத்து டிஜிட்டல் டாலர் வாங்கியவருக்கு ஆறு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு காணோம். அதே பணத்தை ரூபாயாகவே வைப்பில் போட்டவருக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. சரிவதற்கு முன்பே டாலரில் சம்பாதித்துக்கொண்டிருந்தவர்களை அது காப்பாற்றியது. ஊரெல்லாம் ஓடுகிறதே என்று கடைசியில் ஓடியவர்கள் அடிபட்டார்கள். இதை யாரும் யூடியூபில் சொல்வதில்லை.

அந்த ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடனைச் சீரமைக்கிறோம் என்று ஐந்து நாள் தொடர்ந்து வங்கிகளுக்கு விடுமுறை விட்டார்கள். டெபாசிட்டில் கை வைக்கப் போகிறார்கள் என்று வதந்தி. டெபாசிட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நாட்களில் போன் கடைக்காரர் விலையை வெட்டிவிட்டார். வேறு வழியில்லாதவர்கள் அந்த விலைக்குத்தான் விற்றார்கள். இவன் வீட்டில் மளிகைக்கு நோட்டு இருந்ததால் சும்மா இருந்தான்.

அடுத்து சாவி விஷயம், அதாவது காயினைத் திறக்கும் வழி யார் கையில் இருக்கிறது என்பது. செயலிக்காரரிடமே காயினை விட்டு வைக்கலாம், அல்லது சொந்த வாலட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். சொந்த வாலட் என்றால் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் தருவார்கள். போன் தொலைந்தாலும் உடைந்தாலும் அந்த வார்த்தைகள் இருந்தால் எல்லாம் திரும்ப வரும். அவை இல்லாவிட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. வார்த்தைகள் 2,048 கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருகின்றன. ஜப்பான், கொரியா, ஸ்பானிஷ், செக் மொழிகளுக்கெல்லாம் அப்படிப் பட்டியல் இருக்கிறது, தமிழுக்கு இல்லை. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. பையனுக்கு ஏதாவது ஆனால் அவர் என்ன செய்வார்?

கொஞ்சம் யோசித்து ஒரு வழி பண்ணினோம். ஆங்கிலப் பட்டியலில் எந்த இரண்டு வார்த்தைக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது. அதனால் நான்கு எழுத்து எழுதினாலே போதும். பன்னிரண்டு வரிசை எண், ஒவ்வொன்றுக்கும் நான்கு பெரிய எழுத்து (வார்த்தையே மூன்றெழுத்து என்றால் மூன்று). எழுத்தைப் பார்த்துப் போனில் தட்டத் தெரிந்தால் போதும், படித்துப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. அக்காவை உட்கார வைத்து, பழைய போன் ஒன்றில் அவர் கையாலேயே வாலட்டைத் திறக்க வைத்தான். திறந்த பிறகு அந்தப் போனிலிருந்து அழித்துவிட்டான்.

எதில் எழுதுவது என்பதில் நான் தலையிட்டேன். மலையில் காகிதம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கடையில் ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்ட பேப்பர் கட்டு பூஞ்சை பிடித்துப் பழுப்பாகிவிடும். ஜெல் பேனா மை ஈரத்தில் கலங்கிவிடும். பென்சில் எழுத்து கலங்காது. பென்சிலால் எழுதி, நன்றாகக் காய்ந்த நாளில் கவரில் போட்டு ஓரத்தை ஒட்டச் சொன்னேன். லேமினேட் செய்யக் கடைக்குக் கொண்டுபோகக் கூடாது, நான் நடத்துவது போன்ற கடைக்கும்தான். மெஷின் பக்கத்தில் நிற்பவர் கண்ணில் பட்டால் முடிந்தது கதை. போனில் போட்டோ எடுத்து வைப்பதும் அதே கதைதான்.

சொந்த வாலட்டில் இன்னொரு சங்கதி. யூஎஸ்டிடி பல நெட்வொர்க்குகளில், அதாவது பல பாதைகளில், ஓடுகிறது. அவர்கள் ஊரில் ட்ரான் நெட்வொர்க்தான் புழக்கம், கட்டணம் குறைவு என்பதால். ஆனால் அனுப்பும் கட்டணத்தைப் பெரும்பாலும் யூஎஸ்டிடியில் எடுக்காது, ட்ரான் காயின் தனியாகக் கொஞ்சம் வாலட்டில் இருக்க வேண்டும். கையில் நூறு டாலர் இருக்கும், ஆனால் நகர்த்த முடியாது. அவசர நேரத்தில் இது தெரியாமல் மாட்டுகிறவர்கள் ஏராளம். அப்புறம், நெட்வொர்க் மாற்றி அனுப்பினால் பெரும்பாலும் போனது போனதுதான். புது முகவரி என்றால் முதலில் ஒரு டாலர் அனுப்பி, எதிராளி வந்தது என்று சொன்ன பிறகே மீதி. முகவரியில் முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் பார்த்தால் போதாது. அதே போலத் தோற்றமளிக்கும் போலி முகவரியை உங்கள் பழைய பட்டியலுக்குள் நுழைத்துவிடும் திருடர்கள் இருக்கிறார்கள். முழுசாகப் பாருங்கள்.

நான் இங்கிருந்து அனுப்பியதைப் பற்றியும் கேட்பார்கள். அக்காவுக்குப் பிரஷர் மாத்திரை தட்டுப்பாடு வந்தபோது பணம் அனுப்ப வேண்டியிருந்தது. "யூஎஸ்டிடி வாங்கி எனக்குப் போட்டுவிடுங்க மாமா, அஞ்சு நிமிஷம்" என்றான் பையன். நான் வங்கி வழியாகத்தான் அனுப்பினேன். உள்ளூர்க் கிளையில் வெளிநாட்டுப் பணப் பிரிவு இல்லாததால் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. பான் எண், ஏ2 படிவம், எதற்காக அனுப்புகிறோம் என்ற குறியீடு. குடும்பப் பராமரிப்புக்கு ஒன்று, அன்பளிப்புக்கு ஒன்று. பணம் போய்ச் சேரச் சில நாள் ஆனது. பரவாயில்லை, கையில் ரசீது இருக்கிறது. கிரிப்டோவை எல்லை தாண்டி அனுப்பினால் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி என்ன ஆகும் என்ற தலைவலி எனக்கு வேண்டாம்.

வரியும் இருக்கிறது. வங்கிகள் கிரிப்டோவுக்குச் சேவை தரக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் தடையை 2020 மார்ச் 4-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. உடனே கிரிப்டோ சட்டப்பூர்வப் பணமாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகவில்லை. வங்கிகள் கதவை அடைக்கக் கூடாது என்றானது, அவ்வளவுதான். 2022 ஏப்ரலிலிருந்து லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஜூலையிலிருந்து விற்கும்போதே ஒரு சதவீதம் டிடிஎஸ் பிடித்தம்.

இந்த 30 சதவீதத்தை வைத்தே மோசடி நடக்கிறது. கடைக்கு ஒரு அம்மா போனைக் கொண்டுவந்து காட்டினார், சிறு தேயிலை விவசாயி. ஏதோ டெலிகிராம் குழு சொன்ன செயலியில் அவர் போட்டது சில ஆயிரம், திரையில் இருந்தது நாலு லட்சத்துக்கு மேல். எடுக்கப் போனால், "முதலில் 30 சதவீத வரியைக் கட்டுங்கள்" என்கிறார்களாம். அதற்கு நகையை வைக்கப் போகிறார், அதற்கு முன்னால் அந்தத் திரையை பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். நான் பிரிண்ட் எடுக்கவில்லை. "அம்மா, வரியை நீங்கள் வருமான வரிக் கணக்கில் அரசுக்குக் கட்டுவீர்கள். எந்த ஆப்பும் முன்கூட்டி அதை வசூல் செய்யாது. இந்த நாலு லட்சம் வெறும் எழுத்து" என்று சொல்லி, சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அங்கேயே போன் போட்டுக் கொடுத்தேன். போட்ட பணம் திரும்பவில்லை. நகை தப்பியது.

பி2பியில் நம் ஊரிலும் விற்கிறார்கள், அதில் வேறு வில்லங்கம். கடைக்கு வரும் ஒரு பையன் யூஎஸ்டிடி விற்று, ரூபாயும் சரியாக வந்து, எல்லாம் முடிந்து சில வாரம் கழித்துக் கணக்கு முடங்கிவிட்டது. அவனுக்குப் பணம் போட்டவர், யாரையோ ஏமாற்றிய பணத்தைப் போட்டிருக்கிறார். புகார் வேறு மாநிலத்தில். சம்பளமும் அதே கணக்கில் வருவதால் அதுவும் மாட்டிக்கொண்டது. எந்தக் காவல் நிலையம், என்ன புகார் எண் என்று வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்கி, விற்பனை விவரம், உரையாடல், அடையாள அட்டை எல்லாம் சேர்த்து அனுப்பி, மாதக்கணக்கில் அலைந்தான். சம்பளம் வரும் கணக்கை இதில் இழுக்கவே கூடாது.

செயலியையும் முழுக்க நம்ப முடியாது. 2024 ஜனவரியில், இந்தியாவில் பதிவு செய்யாத வெளிநாட்டுக் கிரிப்டோ சந்தைகளின் செயலிகளை அரசு முடக்கியது. அதே வருடம் ஜூலையில் இந்தியச் சந்தை ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடு போனது, அதில் போட்டு வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்கும் மேலாக எடுக்க முடியாமல் நின்றார்கள். இது குழப்பமில்லாத நாட்டில் நடந்தது.

அரசாங்கமே காயின் வெளியிட்டால் சரியாகிவிடுமா என்றும் கேட்கிறார்கள். வெனிசுவேலா 2018-இல் பெட்ரோ என்று ஒன்றை விட்டது, 2024 தொடக்கத்தில் மூடிவிட்டது. சொந்த நோட்டையே நம்பாத ஜனம் அதே கையெழுத்துப் போட்ட காயினை எப்படி நம்பும்? நம் டிஜிட்டல் ரூபாய் 2022 டிசம்பர் முதல் சோதனையில் இருக்கிறது. யுபிஐ இருக்கும்போது கடைக்காரனாகிய எனக்கு அதனால் ஒரு கூடுதல் பயனும் இதுவரை தெரியவில்லை. யுபிஐயே 2024 பிப்ரவரியில் இலங்கைக்குப் போய்விட்டது. ஆனால் நாம் அங்கே போனால் கடையில் ஸ்கேன் செய்து கொடுக்கலாம், அவ்வளவுதான். இங்கிருந்தபடி அக்காவுக்கு அனுப்ப அது உதவாது.

இப்போது அங்கே நிலைமை தேவலை. பையன் வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்று திறந்திருக்கிறான், பெரும்பாலான வாடிக்கையாளர்கள் டாலராகவே அதில் போடுகிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் இன்னும் யூஎஸ்டிடியில்தான் தருவேன் என்கிறார். அது வந்தால் அதே வாரத்தில் மாற்றிவிடுகிறான். அக்கா எதையும் திரையில் பார்த்து ஒத்துக்கொள்வதில்லை, நோட்டாகக் கையில் கொடு என்கிறார். அதனால் போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு முந்தைய நாளே போய் எடுத்துவிடுகிறான். போயா அன்றைக்குப் போன் கடைக்காரர் விலையைக் குறைத்துவிடுவார்.